இரண்டு பேருக்கு ஒரு தீவு

ஜோடிகளுக்குத் தீவு பார்த்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணத் தரகர் ஜோடி சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நான் அந்த ஜோடி சண்டை போடாமல் நாலு நாள் தங்க இடம் தேட வேண்டும்.

கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. பிறகு இதே காந்திபுரத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டேன். ரயில் ரிசர்வேஷன் வரிசையில் அடுத்தவருக்காக விடிய விடிய நின்று அடி, திட்டு இரண்டும் வாங்கினேன். பேரம் பேச அங்கே கற்றுக்கொண்டேன். கோபத்தை யாரும் கற்றுத் தரவில்லை, கூடவே பிறந்தது. என் மனைவி பூங்கொடி பி.காம்.; இங்கிலீஷில் மெயில் எழுதுவது அவள், போனில் கத்துவது நான். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. விலையைக் கேட்டதும் காது சூடாகிறவர்களே, 'இவ்வளவு குறைச்சுட்டேன் பாத்தியா' என்று வீட்டில் பெருமை அடித்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களே, இது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

தென்னை மரம் காட்டப் போனேன்

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாம். வெளிநாட்டில் இருக்கும் மகள், "நல்ல தீவாப் பார்த்து அனுப்புங்க, விலையைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருந்தாள். என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்டிராத வாக்கியம் அது. சுவரில் இருக்கும் பெரிய டி.வி.யில் படம் போட்டேன். வெள்ளை மணல், நீலத் தண்ணீர், கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் தென்னை மரங்கள். அந்த அண்ணா எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். "மட்டையெல்லாம் பழுத்துத் தொங்குது, ஒருத்தனும் கழிக்கலை. வண்டு அடிச்சிருக்குதுங்க இதுல" என்றார். அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் தோப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த படம் போட்டேன். அதிலும் தென்னை. "இது நெட்டைங்க. காய் மேல விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார். அதற்கடுத்ததிலும் தென்னை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அண்ணா, இது தோப்பு விலை பேசற இடமில்லீங்க, சந்தோசமா இருக்கற இடம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் உட்கார்ந்துகொண்டார். கூட வந்த அந்த அம்மா, கைப்பையை மடியில் நகர்த்திவைத்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தஞ்சு வருசமாத் தென்னமரத்துக்கு நடுவுலதானுங்க இருக்கறேன். மரமே இல்லாத தீவு ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க தம்பி."

நானும் ஒரு தடவை போனேன்

விற்கிறவன் பொருளைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். ரிசார்ட்காரர்கள் எங்களைப் போன்ற ஏஜென்டுகளைக் கூட்டமாகக் கூட்டிப்போய் இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். புதுக் கல்யாண ஜோடிக்கென்று கட்டிய அறையில், ரோஜா இதழ் தூவிய ஒரே கட்டிலில், நானும் சேலத்து ஏஜென்ட் ஒருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தோம். அவர் குறட்டை விட்டார். நான் விட்டதாக அவர் சொன்னார்.

அங்கே ஒவ்வொரு அறைக்கும் ஓர் உதவியாளர் உண்டு. நான் எங்கே போனாலும் ஒரு மனிதர் நாலடி பின்னால் வந்துகொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவனுக்கு, பின்னால் ஆள் வந்தால் பாக்கெட்டில்தான் கை போகும். கடற்கரையில் சட்டென்று திரும்பி, "எதுக்குய்யா என் பின்னாலயே வர்றே? இங்கிருந்து நான் எதையும் எடுத்துட்டுப் போகலை" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் தஞ்சாவூர்க்காரர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நிதானமாகப் பதில் சொன்னார்: "சார், உங்களுக்கு ஏதாவது செய்யணும்னுதான் வர்றேன். நீங்க ஒரு இடத்துல நின்னாத்தானே செய்ய முடியும்."

நிவேதாவின் நிபந்தனைகள்

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். பூங்கொடியின் அண்ணன், அதாவது என் மச்சான், அன்னூரில் இருக்கிறார். அவர் மகள் நிவேதாவுக்கு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை கார்த்திக்குக் கோபிசெட்டிபாளையம். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நிவேதா ஆபீஸுக்கு வந்தாள். ஐ.டி.யில் வேலை பார்த்து, மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை ஹனிமூனுக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். "அப்பா நகைக்குக் கேட்டாருங் மாமா. தரமாட்டேன்னுட்டேன். தண்ணிக்கு மேல கட்டின ரூம்ல நாலு நாள் தூங்கோணும். காலேஜ்ல இருந்து நெனச்சுட்டு இருக்கறதுங்க. அதைக் கெடுத்துக்க மாட்டேன்" என்றாள். மாமாவை நம்பி வந்த பிள்ளை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மூன்று நிபந்தனை உண்டு, கடைசியைப் பிறகு சொல்கிறேன் என்றாள். ஒன்று, அறைத் தரையில் கண்ணாடி பதித்திருக்க வேண்டும், படுத்துக்கொண்டே மீன் பார்க்கலாம். இரண்டு, கார்த்திக்கு நீச்சல் தெரியாது, அதனால் அறையைச் சுற்றி இடுப்பளவுதான் தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு தீவுகளைச் சலித்தேன். ஒன்றில் அறை அருமை, ஆழம் இரண்டு ஆள். ஒன்றில் ஆழம் சரி, பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது, நாள் முழுக்க டிரில்லிங். ஒன்றுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். இருட்டினால் அது பறக்காது. நம் விமானம் இறங்குவதோ சாயங்காலம். ஒரு ராத்திரி வீண். கடைசியில் ஒன்று சிக்கியது. விசைப்படகில் நாற்பது நிமிஷம், இடுப்பளவுத் தண்ணீர், கட்டிலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி. தீவு பிடித்துவிட்டது, விலைதான் பிடிக்கவில்லை. போனில் சொன்னேன். "நான் பேசிக் குறைக்கிறேன், நீ பாரு கண்ணு" என்றேன். அப்போதுதான் நிவேதா மூன்றாவது நிபந்தனையைச் சொன்னாள்: "மாமா, கோவிச்சுக்காதீங்க, யாருகூடயும் சண்டை போடாம புக் பண்ணிக் குடுங்க."

பேரம்

அந்தத் தீவுக்கு விற்பனை பார்க்கிறவர் கொச்சியில் உட்கார்ந்திருக்கும் பிஜு. குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்கு அதிகம் கோபம் வரும். நாலு நாளில் ஐந்து முறை போனை வைத்தேன். "பக்கத்துத் தீவுல உங்களைவிடக் கம்மிக்குத் தர்றான்" என்று உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குச் சொல்வதுபோல் சொன்னேன். "அந்தத் தீவும் ஞங்களுடேதானு சாரே" என்றார், அதுவும் அவர்களுடையதாம். ஆறாவது தடவை நானே கூப்பிட்டேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஜூலை கடைசி வாரம் என்றால் பாதி விலை. மழைக் காலம், ஆள் வருவதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் விரித்த விலையை நான் பிடுங்கிய விலை என்று நினைத்துக்கொண்டேன்.

பாதியோடு விட்டேனா? ஹனிமூன் கேக் இலவசம், கட்டிலில் பூ அலங்காரம் இலவசம், மணலில் மேஜை போட்டு ஒரு ராத்திரிச் சாப்பாடு இலவசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். புதுக் கல்யாணம்தான் என்பதற்கு அத்தாட்சியாகக் கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரியை அனுப்பினேன். அதற்கு மேலும் பத்து சதவீதம் கேட்டேன். "ரத்து செய்ய மாட்டோம், தேதி மாற்ற மாட்டோம்னு எழுதித் தந்தால் தரலாம்" என்றார். நிச்சயமான கல்யாணம், எதற்கு மாற்றப் போகிறோம்? பூங்கொடி, தன் அண்ணன் குடும்பத்தோடு பட்டு எடுக்கப் போய் நாலு நாளாக ஊரில் இல்லை. அவள் வந்து மெயிலைப் படித்துப் பார்க்கட்டும் என்று காத்திருக்கிற ஆளா நான்? என் இங்கிலீஷில் நானே எழுதி, நிவேதாவிடம் தேதியைச் சொல்லி, பணத்தையும் கட்டிவிட்டேன். பிஜு போனில் நன்றி சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை சேர்த்தார்: "இந்த விலைக்கு, சாரே, இனி என்ன வேணும்னாலும் கேளுங்கோ, தேதி மட்டும் கேக்க வேண்டா."

நாள்காட்டி

பூங்கொடி பட்டுப் புடவைக் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். பிறகு, வெற்றி பெற்ற தளபதி மாதிரி ரசீதை எடுத்து மேஜையில் வைத்தேன். "எவ்வளவு குறைச்சிருக்கேன் பாரு." அவள் விலையைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் தாள்களை விரலால் தூக்கித் தூக்கி ஜூலைக்குப் போனாள். "ஏனுங்க, இது ஆடி ஒம்பது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடியில் பெண் மாப்பிள்ளையோடு இருக்கக் கூடாது. ஆடி பிறக்கும்போது அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆவணி பிறந்தால்தான் திரும்ப விடுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் தெரியும். பூங்கொடியைப் பிரிந்து ஒரு ஆடி மாதம் முழுக்க ஹோட்டலில் சாப்பிட்டவன் நான். இருந்தும் பாதி விலை என்றதும், இங்கிலீஷ் மாதத்துக்குப் பின்னால் ஒரு தமிழ் மாதம் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கோபத்தில் நாள்காட்டியைக் கழற்றி மேஜையில் அடித்தேன். ஆணியும் கூட வந்துவிட்டது. பூங்கொடி அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "தள்ளுபடின்னு ஒருத்தன் சொன்னதுமே, ஆடியா இருக்குமோன்னு தோணியிருக்க வேண்டாமுங்களா உங்களுக்கு?"

திட்டு விழவில்லை

பிஜுவைக் கூப்பிட்டேன். தேதி மாற்றக் கேட்டேன். அவர் மறுப்பதற்குப் பதிலாக, நான் எழுதிய மெயிலை எனக்கே வாசித்துக் காட்டினார். "நெவர் ஆஸ்க் டேட்" என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அதன் கீழே கோடும் போட்டிருக்கிறேனாம். கத்தினேன். போனை வைத்தேன். இந்த முறை திரும்பக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

நிவேதாவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். "கார்த்தி அம்மா இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்களே மாமா" என்றாள், அவ்வளவுதான். மூன்று வருஷப் பணம், காலேஜிலிருந்து கண்ட கனவு. இரண்டும் இந்த மாமன் பேசிய பேரத்தில் போயிற்று. திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டிச் சமாளித்திருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "பரவால்லீங் மாமா. குறைச்சலா வாங்கித் தரோணும்னுதானே பண்ணுனீங்க."

கோபியில் ஒரு பேச்சுவார்த்தை

அந்தப் 'பரவால்லீங்' என்னைத் தூங்கவிடவில்லை. பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்துக்கே போனேன். கார்த்தியின் அம்மா ருக்மணியம்மாள் வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். விஷயத்தைச் சொன்னதும், அதே மரியாதையோடு, "ஆடியிலங்களா, அது ஆகாதுங்க" என்றார். நான் பேரத்தை ஆரம்பித்தேன். கடலைத் தாண்டிவிட்டால் ஆடி கணக்கில் வராது என்றேன். "அவங்க அங்க போனாலும் நாங்க இங்கதானுங்க இருக்கறோம்" என்றார். நாலே நாள், அதுவும் ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள் என்றேன். "அரை ஆடின்னு ஒண்ணு இல்லீங்களே" என்றார். இரண்டு கட்டில் போடச் சொல்கிறேன் என்று நான் சொன்னபோது பூங்கொடி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். கார்த்தி இந்த நேரமெல்லாம் தட்டில் இருந்த முறுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் கழுத்துவரை வந்துவிட்டது. "பணமும் போயி புள்ளை ஆசையும் போறதுதான் சாஸ்திரமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். ருக்மணியம்மாளுக்கும் முகம் சிவந்தது. "நாங்க புள்ளையைப் போக வேண்டாம்னு சொல்லலீங்களே. ஆடி மாசம் அவங்கம்மாகூட இருக்கோணும், அவ்வளவுதான். அவங்கம்மாகூட அவ எங்க வேணா இருக்கட்டுமுங்க" என்றார். எதிராளி வாயிலிருந்து நழுவுகிற வார்த்தையைப் பிடிக்கத்தான் நான் இருபது வருஷமாகத் தொழில் செய்கிறேன். பிடித்துக்கொண்டேன். "எங்க வேணாங்களா? தீவுலயுங்களா?" என்றேன். அவர் யோசித்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பம் இல்லை. "அம்மாகூடத்தானுங்களே. இருக்கட்டும்" என்றார். நான் எழுந்து கும்பிட்டுவிட்டேன். அப்போதுதான் கார்த்தி முதல் தடவையாக வாயைத் திறந்தான்: "அப்ப நானுங்க?"

பேரம் பேசாத ஒரு நாள்

நிவேதாவின் அம்மா சாந்தா அக்காவை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்கு வயசு கூடிவிட்டது. "ஹனிமூனுக்கு நான் போறதா? ஊரு சிரிக்குமுங் தம்பி" என்றார். நாலு கறவை மாட்டை யார் பார்ப்பது என்றார். மச்சான் பார்ப்பார் என்றேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கடைசியில் நிவேதாதான், "அம்மா, நீ வரலைன்னா பணம் மொத்தமும் கடலுக்குத்தான்" என்று ஒரே வரியில் முடித்தாள். நல்லவேளையாக அக்காவிடம் பாஸ்போர்ட் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகலாம் என்று எடுத்து, மாட்டை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது.

இனிப் பிஜுவிடம் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். "இன்னைக்கு ஒரு நாளைக்குக் கத்தாம, குறைக்காம, கேக்கறதை மட்டும் கேளுங்க" என்று பூங்கொடி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிஜுவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பெண்ணின் அம்மா, கொஞ்சம் தயவு பண்ண வேண்டும் என்றேன். விமான டிக்கெட்டை நான் என் கையிலிருந்து புதிதாகப் போட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றிப் பேச்சில்லை என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. "பேரு மாத்தித் தரலாம், காசொன்றும் வேண்டா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்: "சாருக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

தீவிலிருந்து வீடியோ

கல்யாணம் ஆனியில் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆடி பிறந்தது. முறைப்படி பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு வாரத்தில் முறைப்படி அம்மாவும் பெண்ணும் கொச்சியில் விமானம் ஏறினார்கள். நான் கேட்டு வாங்கிய இலவசம் எதையும் ரத்து செய்ய எனக்குத் தோன்றவில்லை என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது. கட்டிலில் பூவால் இதயம் வரைந்திருக்கிறார்கள். துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு உரச வைத்திருக்கிறார்கள். கேக்கில் நிவேதா பெயரும் சாந்தா அக்கா பெயரும் போட்டு 'இனிய இல்வாழ்க்கை' என்று இங்கிலீஷில் வாழ்த்து. அக்கா அன்னத்தைப் பிரித்து உதறி, அந்தத் துண்டிலேயே முகம் துடைத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலையில் அக்காவே வீடியோவில் வந்தார். பின்னால் மழை. அறையெல்லாம் சுற்றிக் காட்டினார். கண்ணாடித் தரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மீன் காட்டினார். "சாப்பாடு பரவாயில்லீங்க, ரசந்தான் கேட்டாத் தெரியலைங்கறாங்க" என்றார். பிறகு குளியலறைக்குள் போனார். வானம் பார்த்துக் குளிக்க வேண்டும் என்று மேலே மூடாமல் கட்டிய குளியலறை. அந்தத் தீவின் விலையில் பாதி அதற்குத்தான். போனை மேலே தூக்கி வானத்தைக் காட்டிவிட்டு, யார் காதிலும் விழாதபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்களை ஏமாத்திப்போட்டாங்க போல இருக்குதுங்க. கூரை போடறதுக்கு முன்னாலயே வாடகைக்கு உட்டுட்டாங்க."

வந்த பிறகு

திரும்பி வந்த நிவேதா நேராக ஆபீஸுக்கு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம். புருஷனோடு போக வேண்டிய இடத்துக்கு அம்மாவோடு போய்விட்டு வந்த பிள்ளையிடம் என்னவென்று கேட்பது? அவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். அறைக்கு வெளியே மரப்படியில் சாந்தா அக்கா உட்கார்ந்திருக்கிறார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, இரண்டு காலையும் கடலுக்குள் விட்டிருக்கிறார். கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு வேலையும் இல்லை.

"முதல் நாள் ரூமைக் கூட்டறதுக்கு விளக்குமாறு கேட்டாங்க மாமா. ரெண்டாம் நாள் ரூம் துடைக்கற அண்ணங்கூடச் சேர்ந்து துடைச்சாங்க. மூணாம் நாள் இப்படி உட்கார்ந்தவங்கதான், சாப்பிடக் கூப்பிட்டாக் கூட வரலை. நான் தண்ணி மேல தூங்கோணும்னு ஆசைப்பட்டேன், தூங்கிட்டேன்" என்றாள் நிவேதா. கார்த்தியைக் கூட்டிக்கொண்டு அடுத்த வருஷம் போகலாமா என்று மெல்லக் கேட்டேன், நியாயமான விலைக்கு. படத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போலாமுங் மாமா. ஆனா எங்கம்மா சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்தது இதுதான் மொதத் தடவைங்க. அதுக்கே பணம் சரியாப் போச்சு."

கோபியிலிருந்து ஒரு போன்

நான்கு நாள் கழித்து ருக்மணியம்மாளிடமிருந்து போன். ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏதோ குறை, சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று பதிலுக்கு இரண்டு வார்த்தையைத் தயார் செய்துகொண்டேன். சம்பந்தியம்மாள் சாந்தா படமெல்லாம் அனுப்பினாராம். மரப்படிப் படமும் வந்ததாம். எப்படிப் போவது, படகில் தலை சுற்றுமா, தனியாகக் குளிக்க முடியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வெளியூரில் கட்டிக் கொடுத்த மகள் இருக்கிறாள், அவளோடு போகலாம் என்று ஒரு எண்ணமாம். மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆயிற்று, எந்த மாதமும் போகலாம், தை மாதம் கடல் தெளிவாக இருக்கும் என்று நான் தொழில் பேச்சை ஆரம்பித்தேன். அவர் மரியாதை குறையாமல் என்னை நிறுத்தினார்: "வேண்டாமுங்க, அடுத்த ஆடியிலயே போட்டுருங்க. அப்பத்தானுங்களே பாதி விலை."

ஜோடிக்கு ஜோடி தீவு பொறுக்கித் தருவதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்த நான் இத்தனை வருஷத்தில் ஒழுங்காகப் பொருத்திவிட்ட ஒரே ஜோடி, அந்த அம்மாவும் பெண்ணும், நான் செய்த தப்பால் அமைந்தது என்பதை வாசகர்களாகிய நீங்கள் பூங்கொடியிடம் சொல்ல வேண்டியதில்லை, அவள்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.